தாளம் பதிவாகவில்லை

காலை ஆறு இருபது. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது, கேட்டின் கம்பியில் மாட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நான் மாதம் ஒரு பக்கம் எழுதும் இதழ் இருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள். சைக்கிளைப் பிடித்தபடி நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். வேட்டி துவைத்தது, இஸ்திரி போடாதது.

"நிருபர் சார் வீடுங்களா?"

பத்திரிகை வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. கடைசிப் பன்னிரண்டு வருஷம் நிருபராகக்கூட இல்லை, வேலூரில் உதவி ஆசிரியர். இந்த ஊரில் அதையெல்லாம் யாரும் மாற்றிக்கொள்வதில்லை. ஆமாம் என்றேன்.

"நான் அடி அண்ணாமலைங்க. அந்த நாயன சிடியில தாளம் போட்டது நான்தான்."

பையிலிருந்து இதழை எடுத்தார். என் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தார். ஒரு வரியின் கீழ் பேனாக்கோடு.

"தாளம் பதிவாகவில்லைன்னு எழுதி இருக்கீங்க."

"எழுதியிருக்கேன்."

"எங்க வீட்டு செட்ல கேக்குது சார். ஆனா அது பழைய செட்டு. உங்களுது பெரிய மிஷினுன்னு சொன்னாங்க. அதுல ஒரு தரம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அதுலயும் இல்லன்னா, இல்லதான்."

எதற்காக இவ்வளவு தூரம் என்று கேட்டேன். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுச் சொன்னார். வருகிற வாரம் புதன்கிழமை கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். அவர்கள் குழு ஐந்து பேர்: நாயனம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று. சுருதிக்கு இருந்த ஆள் போய் அந்த இடத்தில் சுருதிப் பெட்டி வந்து பல வருஷமாகிறது. இப்போது நாயனக்காரர் இவரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"பதிவுலயே கேக்காத தாளத்துக்கு ஒரு ஆளு எதுக்குன்றாரு. தாளத்துக்கும் மிஷினு வந்துட்டுதாம். இந்தப் பொஸ்தகத்தக் காட்டித்தான் சொல்றாரு."

பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வைகாசி மாதம், அந்த நேரத்துக்கே சுவர் சூடாகத்தான் இருந்தது. உள்ளே வரச் சொன்னேன்.

அந்த வரியை நான் அவசரத்தில் எழுதவில்லை. அதற்கு ஆறு மாதம் ஆயிற்று.

பத்திரிகையில் இருந்தபோது மதிப்புரைக்கு சிடிக்கள் வரும். அலுவலகத்தில் வேறு யாரும் எடுத்துப் போகாததால் நான் எடுத்து வந்தேன். இன்று வீட்டில் இரண்டு இரும்பு அலமாரி நிறைய இருக்கின்றன. ஓய்வுக்குப் பிறகு அந்த இதழில் அவற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தேன்: பழைய பதிவு ஒன்று, புதிது கிடைத்தால் புதிது ஒன்று. போன கார்த்திகையில் என் போர்ட்டபிள் ப்ளேயர் நின்றுவிட்டது. மூடி மூடியது, எண் தெரிந்தது, தட்டு சுற்றவில்லை.

தேரடித் தெருவிலிருந்து பிரியும் சந்தில் கடை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கேசட் விற்றார், பிறகு சிடி, இப்போது போன் கவர், சார்ஜர், ஜெராக்ஸ், லேமினேஷன். ப்ளேயரைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"மோட்டார் போயிடுச்சு சார். இதுக்குப் பார்ட்ஸ் தேடற நேரத்துல எல்லாப் பாட்டையும் போன்ல ஏத்திடலாம்."

"சிடிதான் வேணும் பாய்."

"வாங்கித் தரேன். இப்ப மறுபடியும் புதுசா வருது. ஊர்ல இதைக் கேக்கறது நீங்களும் வெள்ளைக்காரங்களும்தான்."

ஒரு வாரத்தில் வரவழைத்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, சார்ஜ் செய்துகொள்ளலாம், புளூடூத் உண்டு. கூடவே வந்த இயர்போனைக் காதில் வைத்துக் கேட்டேன். எல்லாம் ஒரு போர்வைக்கு அடியில் நடப்பது போல் இருந்தது. அங்கிருந்து தொடங்கியது.

முதல் மாதம் ப்ளேயரின் பொத்தான்களைக் கற்றுக்கொள்வதில் போயிற்று. குலுங்கினாலும் பாட்டு அறுந்துபோகாமல் இருக்க அதில் ஒரு வசதி இருந்தது. சில ப்ளேயர்கள் அதற்காகப் பாட்டைச் சுருக்கிச் சேமித்துத்தான் காதுக்கு அனுப்பும். பஸ்ஸில் போகிறவனுக்கு அது உதவும். சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்பவனுக்கு வேண்டாம், அணைத்தேன். பேஸைக் கூட்டும் பொத்தானையும் அணைத்தேன். புளூடூத்தை விட்டுவிட்டு ஒயரில் கேட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றம் இருப்பதாகத் தோன்றியது. மறுநாள் தோன்றவில்லை.

ஒரு ஹெட்போன் நல்லதா என்று பார்க்க ஒவ்வொருவரும் ஒரு வழி வைத்திருப்பார்கள். என் வழி தாளம். நாயனம் எந்த மட்டமான கருவியிலும் கேட்கும். தவில் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். இரண்டும் ஓங்கி நிற்கும் இடத்தில், அந்தச் சின்ன வெண்கலக் கிண்ணங்கள் இரண்டும் முட்டுவது தனியாகக் கேட்க வேண்டும். முட்டிய பின் அந்த ஒலி மெலிந்து முடிகிற இடமும் தெரிய வேண்டும். தெரிந்தால் அது நல்ல ஹெட்போன். பாயிடம் வாங்கிய முதல் ஹெட்போனில் அது தெரியவில்லை, திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது காதை முழுவதும் மூடுவது. தவிலின் தடித்த ஒலிப் பக்கமான தொப்பி மட்டும் வயிற்றில் இடித்தது. பத்து நிமிஷத்தில் காதுமடல் வியர்த்துப் பஞ்சு ஈரமானது. திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவதையும் திருப்பிக் கொடுத்தேன்.

"இதுல இன்னா சார் குறை?"

"தாளத்தைத் தின்னுடுது."

"சரி சார்," என்று சொல்லிப் பெட்டியில் போட்டார். பாய் எப்போதும் அப்படித்தான். பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவர்களிடம் அவர் வாதாடி நான் பார்த்ததில்லை.

பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கியதும் செங்கம் ரோடு பக்கம் அறை எடுத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். கிளம்பும் முன் காப்பிக் கடைப் பலகைகளில் சீட்டு ஒட்டுவார்கள்: மெத்தை, இண்டக்‌ஷன் அடுப்பு, சைக்கிள், கொசுவலை. இந்த வருஷம் ஒரு சீட்டில் ஹெட்போன் இருந்தது. போய்ப் பார்த்தேன். எழுபது வயது அம்மையார், தம் நாட்டில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஹெட்போனின் வெளிப்புறம் சல்லடை போல் திறந்திருந்தது. காது வியர்க்காது, ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் பாட்டுக் கேட்கும். இருநூற்றைம்பது ஓம் மின்தடை. என் ப்ளேயரின் பலம் அதற்குப் போதாது என்று சொல்லி, தீப்பெட்டிகள் நான்கை அடுக்கிய அளவில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்துக் கொடுத்தார்.

எனக்குப் பழகிய பழைய சிடி ஒன்றைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி அங்கேயே சோதித்துப் பார்த்தேன்; தாளம் கேட்பதாகத் தோன்றியது. பிறகு அவர் வாங்கி மாட்டினார். நான் வைத்திருந்த சத்த அளவில் ஒரு கணம் கேட்டுவிட்டு உடனே கழற்றினார். குமிழைப் பாதிக்குத் திருப்பிக் குறைத்துவிட்டு மறுபடி மாட்டினார். அதைப் பார்த்தேன். மனதில் குறித்துக்கொள்ளவில்லை.

அங்கிருந்து வரும் வழியில் ஒரு கடையில்தான் இந்த சிடியை வாங்கினேன். உள்ளூர்க் குழு, அடி அண்ணாமலையில் ஒரு மண்டபத்தில் பதிவு செய்தது, வருகிறவர்கள் நினைவாக வாங்கிப் போவதற்காகப் போட்டது. அட்டையில் ஐந்து பேர் நிற்கும் படம். மூன்று நாள் கேட்டேன். நாயனம் என் நெற்றிக்கு முன்னால் நின்றது. தவில் இரண்டும் இரண்டு பக்கமும் பிரிந்து நின்றன. வாசிப்பவர் மூச்சு வாங்குவது கேட்டது. தாளம் இல்லை.

இனி ஹெட்போனைக் குறை சொல்ல முடியாது. எனவே குறை பதிவில். முப்பது வருஷப் பழக்கத்தில், எழுதும் முன் இரண்டு பேரிடம் உறுதி செய்துகொண்டேன். பாய் கடைக்கு எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப்போய் அவர் காதில் மாட்டினேன்.

"தாளம் கம்மியா இருக்குல்ல பாய்?"

கண்ணை மூடிக் கேட்டார். "ஆமா சார். கம்மியாத்தான் இருக்கு."

அன்று மாலை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவியின் தலையில் மாட்டினேன். "தாளமே இல்ல, பாரு."

"ஆமாங்க," என்றாள். கை நறுக்குவதை நிறுத்தவில்லை.

இரண்டு பேர். எழுதினேன்: பதிவு நேர்த்தியானது, மேள ஒலி துல்லியம், ஆனால் தாளம் பதிவாகவில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதே என்பது.

அடி அண்ணாமலைக்காரர் மேசைக்கு முன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் மனைவி எட்டிப் பார்த்து, "காபி சாப்பிடுறீங்களா தம்பி?" என்றாள். சர்க்கரை கம்மியாப் போதும் என்றார். ஹெட்போனைக் கொடுத்ததும் தோளில் இருந்த துண்டால் தலையையும் காதுகளையும் துடைத்துக்கொண்டார். புதுப் பொருளில் எண்ணெய் ஒட்டிவிடும் என்றார். சிடியைப் போட்டேன்.

கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். பிறகு முகத்தைச் சுளித்து, சத்தம் ஜாஸ்தி என்று கையால் காட்டினார். குறைத்தேன். அவருடைய வலது கை முழங்கால் மேல் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தது.

"இருக்குது சார்."

"எங்கே?"

"எல்லா எடத்துலயும் இருக்குது. இதோ... இதோ... இதோ."

ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். மாட்டிக்கொண்டேன். திறந்த ஹெட்போன் என்பதால் அவருக்கும் வெளியே மெல்லக் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் விரலை உயர்த்திக் காட்டினார். விரல் உயர்ந்தது. நாயனம் கேட்டது, தவில் கேட்டது. விரல் மறுபடி உயர்ந்தது. குமிழைக் கூட்டினேன். நாயனமும் தவிலும் கூடின.

காபியோடு வந்த மனைவியிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. அவளாக மாட்டி, அவளாகக் கேட்டு, கழற்றினாள்.

"கேக்குதுங்க. அன்னிக்கும் கேட்டுச்சு."

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா இது சரியில்லன்னு இன்னொண்ணு வாங்கப் போவீங்க. வீட்ல இருக்கறதே போதும்னு ஆமான்னேன்." பிறகு வந்தவர் பக்கம் திரும்பி, "டிவியை நாப்பதுல வெச்சுக் கேக்கறாரு, தம்பி. குக்கர் விசிலை நான்தான் எண்ணணும். கேட்டா நியூஸ் ரீடருக்குத் தொண்டை சரியில்லன்றாரு," என்றாள்.

அவர் சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தார். நான் சிரிக்காததால் அவரும் சிரிக்கவில்லை.

சைக்கிளில் மாட்டியிருந்த துணிப்பையைப் போய் எடுத்து வந்தார். உள்ளே சிவப்புத் துணியில் சுற்றி அவருடைய தாளம் இருந்தது. மேல் கிண்ணத்தின் கயிறு புதிது. என் பக்கத்தில் வந்து நின்று ஒரு முறை தட்டினார்.

இரண்டு உலோகத் துண்டுகள் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது, பூட்டு விழுவது போல. அதற்குப் பின் ஒன்றும் இல்லை. அவர் கையைத் தூக்கியபடி அசையாமல் நின்றார். என் மனைவியும் தம்ளரைக் கீழே வைக்காமல் நின்றாள். இரண்டு பேரும் எதுவோ முடிவதற்காகக் காத்திருந்தார்கள். முடிந்ததும் அவர் கையை இறக்கினார்.

"கேட்டுச்சுங்களா?"

"தட்டுனது கேட்டுச்சு."

அவர் தாளத்தைச் சிவப்புத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

வேலூரில் எங்கள் மேசைக்கும் அச்சு இயந்திரத்துக்கும் நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரில் ஒரு கதவு. கதவை யாரும் மூட மாட்டார்கள். பன்னிரண்டு வருஷம் அந்த இரைச்சலில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

இதழின் ஆசிரியரை அழைத்தேன். அடுத்த இதழ் அச்சுக்குப் போய்விட்டது. திருத்தம் அதற்கடுத்த இதழில்தான் வரும். அதாவது கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து. நாயனக்காரரின் எண்ணை வாங்கி அவரிடமும் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்களுக்கே தெரியும் சார். அச்சுல வந்ததை எல்லாரும் படிச்சுட்டாங்க. கல்யாண வீட்டுக்காரரே கேட்டாரு. நீங்க இப்ப வாயால சொன்னா, பாவம் பார்த்துச் சொல்றீங்கன்னு நினைப்பாங்க. அச்சுல வரட்டும், பார்க்கலாம்."

"தப்பு என் காதுல. பதிவுல இல்ல."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார். உங்க காதுக்கு எட்டாததா."

போனை வைத்தேன். இதைத்தான் ஆறு மாதமாக எல்லோரும் எனக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் திருத்தம் எழுதினேன். வேலையில் இருந்தபோது நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன், எல்லாம் மற்றவர்களுடைய தவறுகளுக்கு. சுருக்கமாக இருக்க வேண்டும், காரணம் சொல்லக் கூடாது என்பது வழக்கம். காரணம் சொல்லாமல் இதை எழுத முடியவில்லை. மூன்று தாள் கிழித்தேன். நாலாவதை எடுத்துக்கொண்டு, கடை திறக்கும் நேரத்துக்கு இருவரும் பாய் கடைக்குப் போனோம். அவர் சைக்கிளில், நான் மொபெட்டில், அவருக்குப் பின்னால் மெதுவாக.

பாய் தாளை வாங்கி டைப் செய்ய ஆரம்பித்தவர், இரண்டாவது வரியில் நின்றார்.

"இன்னா சார் இது, காதுன்னு எல்லாம் போட்டிருக்கீங்க?"

"அன்னிக்கு உங்களுக்குத் தாளம் கேட்டுச்சா இல்லியா, பாய்?"

மவுஸை நகர்த்தினார். திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "கேட்டுச்சு சார். நல்லாவே கேட்டுச்சு. நீங்க பேப்பர்ல இருந்தவரு, எத்தனையோ கச்சேரி பார்த்தவரு. கம்மின்னு நீங்க சொன்னா, இன்னும் ஜாஸ்தியா கேக்கணும் போலன்னு விட்டுட்டேன்."

"அந்த மூணு ஹெட்போன்?"

"மூணும் நல்ல பீஸுதான். வேற ஆளுங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அடி அண்ணாமலைக்காரர் கண்ணாடிக் கவுண்டருக்குள் இருந்த போன் கவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் முழுவதையும் டைப் செய்து சத்தமாகப் படித்துக் காட்டினார். எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். பெரிதாக்கினார். ஒரே பக்கத்தில் வந்தது:

திருத்தம். இக்குழுவின் சிடியில் தாளம் பதிவாகவில்லை என்று எழுதியிருந்தேன். தாளம் முதலிலிருந்து கடைசிவரை தெளிவாகப் பதிவாகியுள்ளது. மேல் ஸ்தாயி ஒலிகள் என் காதில் விழுவதில்லை என்பதை இப்போது அறிந்தேன். தவறு கேட்டவருடையது.

கையெழுத்துப் போட்டேன். பாய் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"லேமினேட் பண்ணிக் குடுத்துடறேன். சைக்கிள்ல போறவரு, கசங்கிடும்."

மெஷினிலிருந்து சூடாக வந்த அட்டையை அடி அண்ணாமலைக்காரர் இரண்டு கையாலும் வாங்கினார். அதை மடிக்க முடியவில்லை. பிளாஸ்டிக் பையில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இதழையும் அதே பையில் வைத்துக்கொண்டார்.

"நான் வரேன் சார். நீங்க ஒரு டாக்டரைப் பாருங்க."

பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஒரு ஹெட்போன் மாட்டினார்கள். கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஆரம்பத்தில் அடிக்கடி அழுத்தினேன். பிறகு நெடுநேரம் அழுத்தவில்லை. வெளியே இருந்த பெண் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். கொடுத்த தாளில் ஒரு கோடு இடமிருந்து வலமாகப் போய், பாதிக்கு மேல் சரிந்திருந்தது. இரண்டு காதுக்கும் கருவி வைத்துக்கொள்ளலாம், பழக நாளாகும், பாட்டுக் கேட்பதற்கு முன்பு போல இருக்காது என்றார் டாக்டர். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஹெட்போனை அதன் துணிப்பையில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போனேன். என்னை யாரும் அழைத்திருக்கவில்லை. மண்டபத்தின் கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். மேடையின் வலது ஓரத்தில் மேளக்காரர்களுக்கு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள்.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவதாக அடி அண்ணாமலைக்காரர்; அவர் கைகள் அசைந்துகொண்டிருந்தன.